வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்: மின்தடை, மின்திறன் கணக்கிடும் முறை

தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்று வாட்டர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு அளவுகள் எடுத்துப் பார்க்கலாம். ஹீட்டர் ஓடும்போது பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் இருக்கிறது? ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை வரும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வரும். கணக்கு அவ்வளவுதான், பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

பாடத்தில் அழுத்திச் சொல்லாதது ஒன்று உண்டு. வகுத்து வந்த அந்த மின்தடை எந்த இடத்தில் இருக்கிறது, பெருக்கி வந்த அந்தத் திறன் எந்த இடத்தில் செலவாகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புக் காற்று அடிக்கிற கடலூர், புதுச்சேரி வீடுகளில் இதற்கான விடை பல நேரம் ஹீட்டருக்குள் இருப்பதில்லை, சுவருக்குள் இருக்கிறது.

மூன்று அளவுகள், ஒரு விதி

மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். அந்தத் தள்ளலால் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மின்னோட்டம், அலகு ஆம்பியர். ஓட்டத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு மின்தடை, அலகு ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர் ஓடுகிற பொருளின் மின்தடை 1 ஓம். அப்போது அதில் 1 வாட் திறன் வெப்பமாகிறது. அலகுகள் இப்படிப் பொருந்தும்படி வகுக்கப்பட்டிருப்பதால் மாற்று எண் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மின்தடை = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் = வோல்ட் × ஆம்பியர்

முதல் வாய்ப்பாடு ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி. அவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக இல்லாததால், இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கிக் கிடைக்கும் மிகச் சிறிய, ஆனால் ஆடாத மின்னழுத்தத்தை வைத்துச் சோதனை செய்தார். மீட்டர் எண் நிலைகொள்ளாமல் ஆடும்போது கணக்குப் போடக் கூடாது என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர்.

இரண்டு வாய்ப்பாடுகளையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினால் இன்னும் இரண்டு கிடைக்கும். மின்திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். மின்திறன் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம். கம்பியும் இணைப்பும் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க முதலாவது உதவும். வோல்ட்டேஜ் குறைந்தால் ஹீட்டர் எவ்வளவு மந்தமாகும் என்று பார்க்க இரண்டாவது உதவும்.

புதிதாகப் பழகுகிறவர்களைச் சறுக்கிவிடுவது மில்லி ஆம்பியர். மீட்டர் 40 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்கில் 0.04 என்று போட வேண்டும். 40 என்றே போட்டால் 9 வாட் எல்இடி பல்பு 9,000 வாட் ஆகிவிடும். விடை நம்ப முடியாததாக இருந்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

மீட்டரைப் பிடிக்கும் விதம்

வோல்ட்டேஜை அளக்க, மல்டிமீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்து, 750 அல்லது 600 வோல்ட் எல்லையைத் தேர்ந்தெடுத்து, பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் ஒயர்) இடையே முனைகளை வைக்க வேண்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை எடுக்க வேண்டும். ஆஃப் செய்த நிலையில் எடுத்த வோல்ட்டேஜ் இந்தக் கணக்குக்கு உதவாது.

ஆம்பியரை அளக்க வீட்டு மின்சாரத்தில் மல்டிமீட்டரை இடையில் சொருகாதீர்கள். கிளாம்ப் மீட்டர் எடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்பது இதைத்தான். அதன் வாய்க்குள் பேஸ் ஒயர் மட்டும், அல்லது நியூட்ரல் ஒயர் மட்டும் போக வேண்டும். முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். இதற்கென்றே ஒரு அடி நீளத்தில் சிறிய எக்ஸ்டென்ஷன் ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம்: 16 ஆம்பியர் பிளக், 16 ஆம்பியர் சாக்கெட், நடுவில் தனித்தனியாக மூன்று 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்கள் (கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்). ஒயரின் காப்புறையைச் சீவ வேண்டாம். ஒயர்கள் பிரிந்திருந்தால் போதும்.

எல்இடி பல்பு போன்ற சிறிய மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டர் சரியாகக் காட்டாது. பேஸ் ஒயரை அதன் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்தால் ஓரளவு நம்பலாம்.

மல்டிமீட்டரால் நடக்கும் மோசமான விபத்து ஒன்றுதான். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போதே, வோல்ட் பார்க்கிற நினைப்பில் பிளக் பாயிண்டில் வைத்துவிடுவது. அந்தத் துளையில் மீட்டரின் மின்தடை, ஒயரையும் சேர்த்து, 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ÷ 0.1 = 2,300 ஆம்பியர். வீட்டு ஒயரிங்கின் தடை அவ்வளவு ஓட விடாது. ஆனால் ஓடுகிற சில நூறு ஆம்பியரே முனையை உருக்கிக் கையைச் சுட்டுவிடும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது. பேஸ் உள்ள இடத்தைத் திறந்து அளந்து பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அளவெடுத்து, கணக்கை மட்டும் தாங்கள் போட்டுக்கொள்ளலாம். ஓம் நிலையில் அளப்பதென்றால் மெயினை அணைத்து, கருவியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

1,500 வாட் ஹீட்டர்: ஒரு முழுக் கணக்கு

பக்கெட்டில் போடும் 1,500 வாட் ஹீட்டர். பிளக் பாயிண்டில் 218 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 6.2 ஆம்பியர்.

மின்தடை: 218 ÷ 6.2 = 35.2 ஓம்.
மின்திறன்: 218 × 6.2 = 1,352 வாட்.

பெட்டியில் 1,500 என்று போட்டிருக்கிறதே, ஹீட்டர் பழுதா? இல்லை. அந்த 1,500 வாட் 230 வோல்ட்டுக்குச் சொன்னது. 230 × 230 ÷ 1,500 = 35.3 ஓம். நாம் அளந்ததும் ஏறக்குறைய அதே. ஹீட்டரின் காயில், அதாவது உள்ளே சூடாகும் கம்பிச் சுருள், சரியாக இருக்கிறது, வோல்ட்டேஜ்தான் குறைவு. சாதாரணக் கிளாம்ப் மீட்டரின் பிழை இரண்டு மூன்று விழுக்காடு வரை போகும் என்பதால், 34இலிருந்து 36.5 ஓம் வரை எது வந்தாலும் சரியென்றே எடுத்துக்கொள்ளலாம். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

காயில் அறுந்திருந்தால் ஆம்பியர் பூஜ்யமாக இருக்கும். மாறாக 9 ஆம்பியர் வந்தால் மின்தடை 24 ஓமாக இறங்கிவிட்டது என்று பொருள். காயில் உள்ளே எங்கோ உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

கோடை மாலையில் வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால் என்ன ஆகும்? 180 × 180 ÷ 35.3 = 918 வாட். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. திறனோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 9,42,000 ஜூல் வேண்டும். 1,500 வாட்டில் இது பத்தரை நிமிட வேலை. 918 வாட்டில் 17 நிமிடம். காத்திருக்கிற நேரத்தில் பக்கெட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் தனி.

வோல்ட்டேஜ் குறைந்தால் பில்லாவது குறையுமே என்று நினைக்க வேண்டாம். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். அதே தண்ணீர், அதே சூடு என்றால் அதே யூனிட்தான். இங்கே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். குறைந்த திறனில் கூடுதல் நேரம் ஓடி அதை ஈடுகட்டிவிடும்.

இன்னொன்று. 1,500 வாட்டை 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போடுகிற 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் இந்த ஹீட்டரை மாட்டக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காணாமல் போன 8 வோல்ட்

அதே ஹீட்டர் வேறொரு வீட்டில் ஓடுகிறது. மெயின் போர்டில் 221 வோல்ட், பாத்ரூம் பிளக் பாயிண்டில் 213 வோல்ட், மின்னோட்டம் 6 ஆம்பியர். இரண்டு இடத்திலும் ஹீட்டர் ஓடும்போதே, அடுத்தடுத்து எடுத்த அளவுகள். நடுவில் 8 வோல்ட் எங்கோ போய்விட்டது.

8 ÷ 6 = 1.33 ஓம். போர்டுக்கும் பாத்ரூமுக்கும் இடையே இவ்வளவு தடை இருக்கிறது. ஒயருக்கும் தடை உண்டுதானே? உண்டு. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். தூரம் 20 மீட்டர் என்றால் போகவர 40 மீட்டர், ஆக 0.48 ஓம். போகவர என்பதை மறந்து பாதியைக் கணக்கிடுவது வழக்கமான தப்பு. 0.48 × 6 = 2.9 வோல்ட். இதற்கு ஒயர் கணக்குச் சொல்லிவிட்டது. மிச்சம் 5.1 வோல்ட்?

அது இணைப்புகளில் இருக்கிறது. சுவிட்சின் திருகு, ஜங்ஷன் பாக்ஸுக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், சாக்கெட்டின் தளர்ந்த பித்தளைத் தகடு. 5.1 × 6 = 30.6 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடக் கூடுதலான வெப்பம், பிளாஸ்டிக் பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாமல். ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் பிளக் பின் சுடுவதும், சாக்கெட் பழுப்பேறி வளைவதும், சுவிட்ச் போர்டிலிருந்து மீன் நாற்றம் போல ஒரு வாடை வருவதும் இதனால்தான்.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வம்பாக்கீரப்பாளையம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் இது சீக்கிரம் வரும். உப்பு படிந்த ஈரம் செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தொடுகிற பரப்பு குறைகிறது, தடை கூடுகிறது, சூடாகிறது. சூட்டில் விரிந்து சுருங்கித் திருகு இன்னும் தளர்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அலுமினிய சர்வீஸ் ஒயரைச் செம்பு ஒயரோடு நேராக முறுக்கிய இடம் இதைவிட மோசம். வெவ்வேறு உலோகங்கள் ஈர உப்பில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அங்கே இரு உலோகத்துக்குமான லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் குப்பி) அல்லது கனெக்டர் போட வேண்டும்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, சுமை ஓடும்போது ஒவ்வொன்றின் இரு பக்கமும் மீட்டரை வைத்து எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல சுவிட்சிலும் ஜாயிண்டிலும் அது 0.1 வோல்ட்டைத் தாண்டாது. எங்கே 2, 3 வோல்ட் காட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. மெயினை அணைத்து ஓம் நிலையில் தேடுவதில் பெரிய பலன் இல்லை. மலிவான மீட்டரின் ஒயர்களே 0.3, 0.4 ஓம் காட்டும். தவிர, மீட்டர் அனுப்புகிற துளி மின்னோட்டத்தில் நல்லபடியாகத் தெரியும் ஜாயிண்ட் 6 ஆம்பியரில் பல்லிளிக்கும்.

சரிசெய்ய: மெயினை அணைத்து, கருகிய முனையை வெட்டித் தள்ளி, புதிதாகச் சீவி, திருகை இறுக்க வேண்டும். களிம்பு லேசாக இருந்தால் உப்புத்தாளில் தேய்க்கலாம். தளர்ந்த சாக்கெட்டைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுவதே முறை. அதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம்தான்.

குளிர்ந்த தடை வேறு, சூடான தடை வேறு

பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். 60 ÷ 230 = 0.26 ஆம்பியர். மின்தடை 882 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் எழுபதுக்குள்ளேயே நின்றுவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கு மேல் போகிறது, தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஸ்விட்ச் போட்ட கணத்தில்தான் பல்பு ‘பட்’டென்று போவது இதனால்தான், அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருக்கிறது, மின்னோட்டம் பல மடங்கு பாய்கிறது.

ஹீட்டரிலும் அயர்ன் பாக்ஸிலும் உள்ள நிக்ரோம் கம்பி அப்படியல்ல. சூட்டில் அதன் தடை சில விழுக்காடுதான் கூடும். அதனால் அவற்றைக் குளிர்ந்த நிலையில் ஓம் அளந்தாலும் கணக்கு ஒத்துப்போகும்.

மோட்டாரில் இந்த வகுத்தல் பொய்க்கும்

போர்வெல்லுக்குப் போட்ட 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் 225 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கிறது. வகுத்தால் 34.6. மோட்டாரின் சுருளை ஓம் நிலையில் அளந்தால் சில ஓம்கள்தான் வரும். ஓடும் மோட்டாரில் சுருளின் காந்தப்புலமும் மின்னோட்டத்தை எதிர்க்கிறது என்பதால் வோல்ட் ÷ ஆம்பியர் அங்கே வெறும் மின்தடை அல்ல. பெருக்கி வரும் 1,462உம் வாட் அல்ல, வோல்ட் ஆம்பியர். அதில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையான திறன் 1,170 வாட். வீட்டு மீட்டர் யூனிட் ஏற்றுவது இந்த 1,170க்குத்தான். எல்இடி பல்பு, சார்ஜர், டிவி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றின் வாட்டை நேராகக் காட்டும் பிளக் மீட்டர் வாங்குவது நல்லது.

வோல்ட்டேஜ் குறையும்போது ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் உள்ள வேறுபாடு இன்னும் முக்கியம். ஹீட்டர் குறைவாக இழுத்து மந்தமாகும். மோட்டாரோ அதே தண்ணீரை அதே ஆழத்திலிருந்து தூக்க வேண்டியிருப்பதால் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 6.5 ஆம்பியர் 8 ஆனால் சுருளில் வெப்பம் 8 × 8 ÷ (6.5 × 6.5), அதாவது ஒன்றரை மடங்கு. லோ வோல்ட்டேஜில் மோட்டார் சுருள் கருகுவது இந்தக் கணக்கால்தான். 1841இல் ஜேம்ஸ் ஜூல் சொன்ன விதி அது: மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம். மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரைத் தாண்டினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயை அந்த எண்ணிலேயே வைக்க வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கூட்டி வைப்பது மோட்டாரை விலை பேசுவதற்குச் சமம்.

படகில் 12 வோல்ட், நெய்வேலியில் 4 லட்சம் வோல்ட்

மீன்பிடிப் படகில் 12 வோல்ட் பேட்டரியில் 60 வாட் விளக்கு. 60 ÷ 12 = 5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து விளக்கு 10 மீட்டர் தள்ளி, 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். போகவர 20 மீட்டருக்கு 0.24 ஓம். ஒயரில் விழுவது 1.2 வோல்ட், பத்தில் ஒரு பங்கு. வீட்டில் இதே ஒயரில் இதே 60 வாட்டுக்கு 0.26 ஆம்பியர்தான் ஓடும், 0.06 வோல்ட்தான் விழும். வீட்டு ஒயரில் மிஞ்சியதைப் படகில் போட்டுவிட்டு விளக்கு மங்கல் என்று பேட்டரியைக் குறை சொல்லக் கூடாது. 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்துவிடும்.

நெய்வேலி அனல்மின் நிலையத்திலிருந்து 400 கிலோவோல்ட் தடங்களில் மின்சாரம் புறப்படுவதும் இதே கணக்குதான். வோல்ட்டேஜை 230இலிருந்து 4 லட்சத்துக்கு, அதாவது 1,739 மடங்கு ஏற்றினால், அதே திறனுக்கு மின்னோட்டம் 1,739இல் ஒன்றாகக் குறையும். ஒரே கம்பியில் வெப்ப இழப்பு சுமார் முப்பது லட்சத்தில் ஒன்று.

எர்த்துக்கும் ஒரு வகுத்தல்

பிரிட்ஜின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது, எர்த் இணைத்திருக்கிறது, எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும் என்று நம்பியிருக்கிறோம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையாது. பிரிட்ஜின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் நின்றுகொண்டிருக்கும். கடலோர மணல் கோடையில் காய்ந்தால் குழியின் தடை இதைவிடவும் ஏறும். அப்போது மின்னோட்டம் இன்னும் குறையும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோ, 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். 20 ஓம் என்ன, 1,000 ஓம் இருந்தாலும் 0.23 ஆம்பியர் ஓடுமே, அதற்கு அதுவே தாராளம். மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள். கடலோர ஈரத்தில் அதன் உள்ளிருக்கும் நெம்புகோலும் இறுகிவிடுவதுண்டு.